பல குரல்களின் நாயகன் பீட்டர் செல்லர்ஸ்: சிரிக்க வைத்த முகங்களும் காணாமற்போன மனிதரும்

1948ஆம் ஆண்டு லண்டன் பி.பி.சி. வானொலியின் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ராய் ஸ்பியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அந்நாளில் பிரிட்டன் முழுவதும் அறிந்திருந்த வானொலி நட்சத்திரம் கென்னத் ஹார்ன். பீட்டர் செல்லர்ஸ் என்னும் இளைஞரின் பலகுரல் நிகழ்ச்சியைப் பாராட்டிய அவர், வானொலியில் அந்த இளைஞருக்கு வாய்ப்பளிக்குமாறு பரிந்துரைத்தார். அவருடன் இணைந்து நடிக்கும் ரிச்சர்ட் மர்டாக்கும் அதையே வழிமொழிந்தார். தயாரிப்பாளர் அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தபோது மறுமுனையின் குரல் திடீரென மாறியது. இரு நட்சத்திரங்களாகவும் இதுவரை பேசியது தானே என்று 22 வயது செல்லர்ஸ் ஒப்புக்கொண்டார். ஸ்பியர் முதலில் திகைத்தாலும் அந்தத் துணிச்சலுக்கு வாய்ப்பளித்தார்.

பின்னாளில் 'பிங்க் பாந்தர்' வரிசைப் படங்களின் இன்ஸ்பெக்டர் குளூசோவாகவும், 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் மூன்று வேடங்களில் தோன்றியவராகவும் உலகெங்கும் அறியப்பட்ட நடிகர் இவர்தான். 54 ஆண்டுகளே வாழ்ந்த செல்லர்ஸ், எந்த மனிதரின் குரலையும் சில நிமிடங்களில் தனதாக்கிக்கொண்டார். தமக்கென்று ஒரு குரல் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் அவரைக் கடைசி வரை துரத்தியது.

இறந்த அண்ணனின் பெயர்

இங்கிலாந்தின் தென் கடற்கரையில், போர்ட்ஸ்மத் நகரை அடுத்த சவுத்ஸீ பகுதியில் 1925 செப்டம்பர் 8 அன்று செல்லர்ஸ் பிறந்தார். இடப்பட்ட பெயர் ரிச்சர்ட் ஹென்றி. ஆனால் தமக்கு முன் இறந்தே பிறந்த ஆண் குழந்தையின் நினைவாகப் பெற்றோர் அவரைப் பீட்டர் என்றே அழைத்தனர். வாழாத ஒருவரின் பெயரைச் சுமந்தபடிதான் அந்த வாழ்க்கை தொடங்கியது.

தந்தை பில், தாய் பெக் இருவருமே ஊர் ஊராகச் சென்று மேடையேறும் கலைஞர்கள். பாட்டி ஒரு நாடகக் குழுவையே நடத்தியவர். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மேடைக்குத் தூக்கிச் செல்லப்பட்டு ரசிகர்களுக்குக் காட்டப்பட்டதாகக் கூறப்படுவதுண்டு. தாய்வழியில் யூதர், 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் டேனியல் மென்டோசாவின் வழித்தோன்றல். தந்தை கிறிஸ்தவர். படித்தது கத்தோலிக்கப் பள்ளியில். வகுப்பில் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவராக இருந்த சிறுவனுக்கு வீட்டில் தாயின் அளவற்ற செல்லம் காத்திருந்தது. அந்தப் பிடி, அவருக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்பும் தளரவில்லை.

போர்க்கால இந்தியா

1943இல் செல்லர்ஸ் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். விமானியாகும் ஆசை கண்பார்வைக் குறையால் நிறைவேறவில்லை. நன்றாக டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்திருந்ததும் நகைச்சுவை உணர்வும் வேறொரு வழியைத் திறந்தன. வீரர்களை மகிழ்விப்பதற்காக ரால்ஃப் ரீடர் நடத்திவந்த விமானப்படைக் கலைக்குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் ராணுவ முகாம்களுக்கு அவர் சென்றார்.

இந்தப் பயணமே அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது எனலாம். காலனி ஆட்சியின் மேட்டுக்குடி அதிகாரிகள் மூக்கால் பேசும் ஆங்கிலமும், அவர்களிடம் பணிபுரிந்த இந்தியர்களின் ஆங்கிலமும் அவர் செவியில் ஒன்றாகப் பதிந்தன. உயரதிகாரியின் சீருடையும் ஒட்டுமீசையும் அணிந்து அதிகாரிகளின் உணவு விடுதிக்குள் நுழைந்து, யாருக்கும் ஐயம் எழாமல் உரையாடிவிட்டுத் திரும்பியதாக அவரே பின்னாளில் சொல்வதுண்டு. அதில் எவ்வளவு கற்பனை கலந்திருந்தாலும், அந்த அதிகாரிகளின் குரல்கள் அவருக்குள் தங்கிவிட்டதற்கு அடுத்த 20 ஆண்டு கால வானொலியும் திரைப்படங்களுமே சாட்சி.

போர் முடிந்து ஊர் திரும்பியவரைக் கலையுலகம் வரவேற்கவில்லை. 1948இல் லண்டன் விண்ட்மில் அரங்கில் ஆறு வாரங்கள் நகைச்சுவை செய்தார். அசையாமல் நிற்கும் நிர்வாணப் பெண்களின் காட்சிகளுக்குப் பெயர் பெற்ற அரங்கம் அது. கூட்டம் நகைச்சுவைக்காக வரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நிலையில்தான் ராய் ஸ்பியருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு சென்றது.

மூளையில் நாடகம் நடத்திய வானொலி

1951 மே மாதம் பி.பி.சி.யில் தொடங்கிய 'தி கூன் ஷோ' பிரிட்டிஷ் நகைச்சுவையின் போக்கையே மாற்றியது. ஸ்பைக் மில்லிகன், ஹாரி சீகோம்ப், மைக்கேல் பென்டீன், செல்லர்ஸ் ஆகிய நால்வரும் அதைத் தொடங்கினர். பென்டீன் விரைவில் விலகிக்கொண்டார். எழுத்துப் பணியின் பெரும்பகுதி மில்லிகனுடையது. மில்லிகன் பிறந்தது மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். ராணுவத்தில் பணியாற்றிய தந்தையோடு புனேயிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர் அவர். எனவே பேரரசின் அபத்தங்களைக் கேலி செய்த அந்த நிகழ்ச்சியில் இந்திய முகாம்களின் வாசனை வீசியதில் வியப்பில்லை.

கோழையும் பேராசைக்காரருமான மேஜர் பிளட்நாக், நயவஞ்சகர் கிரிட்பைப் தின், நடுங்கும் குரலில் பேசும் முதியவர் ஹென்றி கிரன், கீச்சுக் குரல் சிறுவன் புளூபாட்டில் என ஒரே நிகழ்ச்சியில் எத்தனையோ மனிதர்களாக செல்லர்ஸ் பேசினார். மில்லிகன் உடல்நலம் குன்றி வராத நாட்களில் அவருடைய பாத்திரங்களின் குரல்களையும் இவரே ஏற்றார். 1960 ஜனவரி வரை நீடித்த இந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களில் பீட்டில்ஸ் இசைக்குழுவினரும், பின்னாளில் 'மான்ட்டி பைத்தான்' குழுவை அமைத்த இளைஞர்களும், இன்றைய மன்னர் சார்லஸும் அடங்குவர்.

வானொலியில் முகம் தேவைப்படவில்லை. இதை அவர் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான காலம் என்று கொள்ளலாம். அவரும் அப்படித்தான் கருதினார்.

குரலில் இருந்து முகத்துக்கு

திரைப்பட வாய்ப்பு மெதுவாகவே வந்தது. 1955இல் வெளியான 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் கொள்ளைக் கும்பலின் இளைய உறுப்பினராக அவர் நடித்தார். கும்பலின் தலைவராக நடித்தவர், ஒரே படத்தில் எட்டு வேடங்கள் ஏற்றுப் புகழ்பெற்ற அலெக் கின்னஸ். செல்லர்ஸ் அவரைக் குருவாகவே கருதினார். படப்பிடிப்புத் தளத்தில் கின்னஸ் ஒவ்வொரு அசைவையும் எப்படி அமைக்கிறார் என்று கூர்ந்து கவனித்தார்.

1957இல் ஒரு பழைய திரையரங்கின் மதுப்பழக்கம் கொண்ட முதிய ஆபரேட்டராகத் தோன்றியபோது அவருக்கு வயது 31. 1959இல் 'தி மவுஸ் தட் ரோர்டு' படத்தில் ஒரு குட்டி நாட்டின் அரசி, பிரதமர், படைத்தலைவர் என மூன்று வேடங்கள். அதே ஆண்டு வெளியான 'ஐ'ம் ஆல்ரைட் ஜாக்' படத்தின் தொழிற்சங்கத் தலைவர் ஃபிரெட் கைட் பாத்திரமே அவரைப் பெரும் நடிகர் என்று நிலைநிறுத்தியது. வேடிக்கை எதுவும் இல்லை என்று கூறி அந்தப் பாத்திரத்தை முதலில் மறுத்தவர் அவர். ஒட்ட வெட்டிய தலைமுடி, பொருந்தாத கோட்டு, சிறிய மீசை, படிக்காத மனிதர் பெரிய சொற்களைத் தேடித் தேடிப் பேசும் தொனி ஆகியவற்றோடு ஒத்திகையில் நடந்து வந்தபோது தளத்திலிருந்த தொழிலாளர்களே சிரித்துவிட்டனர். பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமியின் சிறந்த பிரிட்டிஷ் நடிகர் விருது அந்த வேடத்துக்குக் கிடைத்தது.

அவருடைய செய்முறை தனித்துவமானது. ஒரு பாத்திரத்தை ஏற்றதும் முதலில் அதன் குரலைத் தேடுவார். குரல் கிடைத்துவிட்டால் உருவமும் நடையும் தாமாகவே பின்தொடரும். குரல் கிடைக்காத நாட்களில் அவர் அடையும் பதற்றத்தை உடனிருந்தவர்கள் அஞ்சினர்.

1960இல் சோபியா லாரனுடன் நடித்த 'தி மில்லியனரெஸ்' அவரை மீண்டும் இந்தியக் குரலுக்கு அழைத்து வந்தது. பெர்னார்ட் ஷாவின் மூல நாடகத்தில் எகிப்தியராக இருந்த மருத்துவர், படத்தில் இந்திய மருத்துவர் அகமது எல் கபீர் ஆனார். படத்தின் விளம்பரத்துக்காக இருவரும் பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை சென்றது. அதன் இசைத்தட்டைத் தயாரித்தவர், சில ஆண்டுகளில் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளராகவிருந்த ஜார்ஜ் மார்ட்டின்.

குப்ரிக்கும் குளூசோவும்

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், செல்லர்ஸின் திறமையை வேறு எவரையும்விட ஆழமாகப் புரிந்துகொண்டவர். 1962இல் 'லொலிட்டா' படத்தில் பல மாறுவேடங்களில் வரும் குவில்ட்டி பாத்திரத்தைத் தந்தார். அடுத்த படமான 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' 1964 ஜனவரியில் வெளியானது. அணு ஆயுதப் போரை நோக்கித் தவறுதலாக நகரும் உலகைப் பற்றிய அந்தக் கருப்பு நகைச்சுவையில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி மாண்ட்ரேக், அமெரிக்க அதிபர் மஃப்லி, சக்கர நாற்காலியில் அமர்ந்த விஞ்ஞானி ஸ்ட்ரேஞ்ச்லவ் ஆகிய மூவருமாக அவர் நடித்தார். நான்காவதாகக் குண்டுவீச்சு விமானத்தின் தலைவராகவும் நடிக்க வேண்டியிருந்தது; கணுக்காலில் ஏற்பட்ட காயத்தால் அந்த வேடம் ஸ்லிம் பிக்கன்ஸுக்குச் சென்றது.

மாண்ட்ரேக், செல்லர்ஸ் போர்க்கால முகாம்களில் கேட்ட குரல். அதிபரைச் சளி பிடித்த கோமாளியாக முதலில் நடித்துக் காட்டியபோது தளமே சிரித்ததால் வேலை ஓடவில்லை. அங்கே பைத்தியக்காரத்தனத்துக்கு நடுவே ஒரே ஒரு நிதானமான மனிதர் வேண்டும் என்று குப்ரிக் முடிவு செய்தார். விளைவாக, சோவியத் தலைவரிடம் அதிபர் தொலைபேசியில் பேசும் காட்சி உருவானது. மறுமுனைக் குரலை நாம் கேட்பதே இல்லை. மனைவியைச் சமாதானப்படுத்தும் கணவனின் பொறுமையோடு, உலகம் அழியப்போகும் செய்தியை அவர் விளக்குகிறார். ஸ்ட்ரேஞ்ச்லவின் குரலுக்கு, தளத்துக்கு வந்திருந்த வீஜீ என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரின் உச்சரிப்பு அடிப்படையானது. சொல்பேச்சுக் கேளாமல் நாஜி வணக்கம் செலுத்த எழும் வலது கையோடு அவர் போராடும்போது, பின்னால் நிற்கும் சோவியத் தூதர் வேடத்து நடிகர் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பது படத்தில் இன்றும் தெரிகிறது. செல்லர்ஸ் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்; விருது கிடைக்கவில்லை.

அதே காலத்தில் தற்செயலாக வந்து சேர்ந்தவர் இன்ஸ்பெக்டர் குளூசோ. பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 'தி பிங்க் பாந்தர்' படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு ஒப்பந்தமான பீட்டர் உஸ்டினோவ் விலகியதால் செல்லர்ஸ் அழைக்கப்பட்டார். கதாநாயகன் டேவிட் நிவன்தான். ஆனால் கால் இடறினாலும் கதவில் மோதினாலும் கண்ணியம் குறையாமல் எழுந்து நிற்கும் அந்தப் பிரெஞ்சுத் துப்பறிவாளர் படத்தையே தன்வசமாக்கிக்கொண்டார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த கேப்டன் வெப்பின் படம் அச்சிட்ட தீப்பெட்டியைப் பார்த்தே குளூசோவின் மீசையை அமைத்ததாக செல்லர்ஸ் கூறியுள்ளார். தான் முட்டாள் என்று குளூசோவுக்கு ஒருபோதும் தெரிவதில்லை. இந்தப் பாத்திரம் இன்றும் சிரிப்பூட்டுவதற்கு அதுவே காரணம்.

நின்று துடித்த இதயம்

1964 பிப்ரவரியில் ஸ்வீடன் நடிகை பிரிட் எக்லண்டை, சந்தித்த சில நாட்களிலேயே செல்லர்ஸ் மணந்தார். ஏப்ரலில், பில்லி வைல்டரின் படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்துப் பல மாரடைப்புகள் ஏற்பட்டன. உயிர் பிழைத்தாலும் இதயம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தப் படத்தின் வேடம் வேறொருவருக்குச் சென்றது.

ஜோதிடர்களிடமும் குறிசொல்பவர்களிடமும் அவர் வைத்திருந்த நம்பிக்கை இதன்பின் மேலும் கூடியது. கார்களை வாங்குவதும் சலித்து விற்பதும் தீராத பழக்கமாயிற்று. இயக்குநர்களோடு பிணக்குகள் பெருகின. 'கசினோ ராயல்' படத்தில் ஆர்சன் வெல்ஸோடு ஒரே தளத்தில் நிற்க மறுத்து, பணி முடியும் முன்பே வெளியேறினார். நான்கு திருமணங்களில் மூன்று மணமுறிவில் முடிந்தன. உலகைச் சிரிக்க வைத்தவரின் சினமும் சந்தேகமும் மனைவியரையும் மூன்று பிள்ளைகளையும் எவ்வளவு வதைத்தன என்பது பின்னர் அவர்களாலேயே பதிவு செய்யப்பட்டுள்ளது. மேதைமையைக் காரணம் காட்டி அதை மன்னித்துவிடுவது எளிது. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது நியாயம் ஆகாது.

பக்‌ஷியும் சத்யஜித் ராயும்

1968இல் வெளியான 'தி பார்ட்டி', இந்திய ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் குறிப்பிடும் படம். ஹாலிவுட்டில் துணை வேடங்களில் நடிக்க வந்த ஹ்ருண்டி வி. பக்‌ஷி, படப்பிடிப்புக்காக அமைத்த கோட்டையைத் தவறுதலாக வெடிக்க வைத்துவிடுகிறார். கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டிய அவருடைய பெயர், தயாரிப்பாளர் வீட்டு விருந்தின் அழைப்பாளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. அந்த ஒரு மாலைப் பொழுதுதான் முழுப் படம். பிளேக் எட்வர்ட்ஸ் மிகச் சுருக்கமான திரைக்கதையை மட்டும் வைத்துக்கொண்டு, பெரும்பாலான காட்சிகளைத் தளத்திலேயே உருவாக்கினார்.

முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய ஆங்கிலேயர் இந்தியராக நடிப்பது இன்று கடும் விமர்சனத்துக்கு உரியது, விமர்சனம் சரியே. இந்திய நடிகர் எவருக்கும் அப்படியொரு வேடத்தை அன்றைய ஹாலிவுட் கொடுத்திருக்காது. ஆனாலும் அந்த விருந்துக்கு வந்த செல்வந்தர்கள் அனைவரிலும் பண்பும் கருணையும் கொண்ட மனிதர் பக்‌ஷி ஒருவரே. இந்த இரண்டையும் சேர்த்தே படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடக்காமற்போன மற்றொரு சந்திப்பும் உண்டு. சத்யஜித் ராய், வங்காளக் கிராமம் ஒன்றின் குளத்தில் இறங்கும் வேற்றுக்கிரக விண்கலத்தைப் பற்றிய 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை 1967இல் எழுதினார். அதில் மார்வாரி வணிகராக நடிக்க செல்லர்ஸ் விரும்பினார். பாரிஸில் இருவரும் சந்தித்துப் பேசினர். கொலம்பியா நிறுவனமும் ஆர்வம் காட்டியது. ஆனால் உரிமைச் சிக்கல்களாலும் செல்லர்ஸ் பின்வாங்கியதாலும் படம் எடுக்கப்படவே இல்லை. குப்ரிக்கைப் போலவே ராயும் அவருக்குக் கடிவாளமிட்டிருக்கக் கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது.

1970களின் தொடக்கத்தில் வந்த படங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சில படங்கள் திரையரங்குகளுக்கே சரியாக வரவில்லை. 1975இல் குளூசோ திரும்பி வந்தார். அடுத்தடுத்த மூன்று படங்களும் வசூலைக் குவித்தன. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்த நிலையில், அடிதடிக் காட்சிகளில் அவருக்குப் பதிலாக மாற்று நடிகர்கள் விழுந்து எழுந்தனர்.

தோட்டக்காரர்

ஜெர்சி கொசின்ஸ்கியின் 'பீயிங் தேர்' நாவலை 1970களின் தொடக்கத்தில் படித்ததிலிருந்தே அந்த வேடத்துக்காக செல்லர்ஸ் ஏங்கினார். கதையின் நாயகனான தோட்டக்காரரின் பெயரில் நாவலாசிரியருக்கு ஒரு தந்தி வந்ததாகவும், அதிலிருந்த எண்ணை அழைத்தபோது பேசியவர் செல்லர்ஸ் என்றும் கொசின்ஸ்கி சொல்வதுண்டு. முதலீட்டாளர்கள் முன்வரப் பல ஆண்டுகள் ஆயின. குளூசோவின் வெற்றிக்குப் பிறகே ஹால் ஆஷ்பி இயக்கத்தில் 1979இல் படம் வெளிவந்தது.

சான்ஸ் என்ற அந்தத் தோட்டக்காரர் முதலாளியின் வீட்டை விட்டு வெளியே சென்றதே இல்லை. உலகைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் தொலைக்காட்சி காட்டியது மட்டுமே. முதலாளி இறந்ததும் தெருவுக்கு வரும் அவர், செடிகொடிகளைப் பற்றிச் சொல்லும் எளிய சொற்களைச் செல்வந்தர்களும் அதிபரும் பொருளாதார ஞானமாக எடுத்துக்கொள்கின்றனர். உள்ளே எதுவும் இல்லாத மனிதரில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைக் காண்கின்றனர்.

இந்த வேடத்துக்கான குரலைச் செல்லர்ஸ் தமது ஆதர்சக் கலைஞர் ஸ்டான் லாரலிடமிருந்து எடுத்தார். மீசை இல்லை, கோமாளித்தனம் இல்லை, ஓடி விழும் காட்சிகளும் இல்லை. அசையாத முகத்துடன், தாழ்ந்த குரலில் இரண்டு மணி நேரம் அவர் திரையில் இருந்தார். 1978இல் 'தி மப்பட் ஷோ' தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தமக்குள் உண்மையான நான் என்று எவரும் இல்லை. இருந்தவரை அறுவை சிகிச்சையால் அகற்றிவிட்டேன் என்ற பொருளில் அவர் வேடிக்கையாகப் பேசியிருந்தார். அடுத்த ஆண்டு அந்த வேடிக்கையைத் திரையில் கண்டவர்களால் சிரிக்க மட்டும் முடியவில்லை. கோல்டன் குளோப் விருது கிடைத்தது. ஆஸ்கருக்கு மீண்டும் பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டு விருதை டஸ்டின் ஹாஃப்மன் பெற்றார். படத்தின் முடிவில், தாம் வசனம் தவறிச் சிரித்த காட்சிகளைச் சேர்த்தது படம் உண்டாக்கிய மாயத்தைக் கலைத்துவிட்டது என்று அவர் வருந்தினார்.

1980 ஜூலையில் லண்டன் வந்தவர், மில்லிகனுடனும் சீகோம்புடனும் இரவு உணவுக்காக ஒன்றுகூடத் திட்டமிட்டிருந்தார். பழைய வானொலி நண்பர்கள் சந்திக்கவிருந்த நேரத்தில், ஜூலை 22 அன்று டார்செஸ்டர் ஹோட்டல் அறையில் மயங்கி விழுந்தார். இரு நாட்களுக்குப் பின், ஜூலை 24 அன்று மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. கோல்டர்ஸ் கிரீன் தகனக்கூடத்தில் நடந்த இறுதிச் சடங்கில், அவர் விரும்பியபடி கிளென் மில்லர் இசைக்குழுவின் 'இன் த மூட்' ஒலித்தது. அது அவர் வெறுத்த மெட்டு என்பதை நண்பர்கள் அறிந்திருந்தனர்.

சொத்தின் பெரும்பகுதி நான்காவது மனைவி லின் ஃபிரெடரிக்குக்குச் சென்றது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது சொற்பத் தொகையே. முந்தைய படங்களில் பயன்படாமல் கிடந்த துண்டுகளை ஒட்டி 1982இல் மற்றொரு 'பிங்க் பாந்தர்' படம் வெளியானபோது, அது கணவரின் புகழைக் குலைக்கிறது என்று லின் வழக்குத் தொடர்ந்து வென்றார். ஸ்டீவ் மார்ட்டின் உள்ளிட்ட வேறு சிலரும் குளூசோ வேடத்தை ஏற்றுப் பார்த்தனர். மீசை பொருந்தியது, அதற்கு மேல் எதுவும் பொருந்தவில்லை.

அவருடைய இந்தியக் குரலுக்குப் பதில் 1990களில் வந்தது. பிரிட்டனில் வளர்ந்த தெற்காசியக் கலைஞர்கள் பி.பி.சி.யில் ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினர். 1996இல் வானொலியிலும் 1998இல் தொலைக்காட்சியிலும் அது ஒளிபரப்பானது. தலைப்பாக அவர்கள் எடுத்துக்கொண்டது செல்லர்ஸும் சோபியா லாரனும் பாடிய அதே 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. அந்தப் பாடலையே பாங்ரா தாளத்தில் மாற்றி முகப்பு இசையாக்கினர். தொடரின் மிகப் புகழ்பெற்ற காட்சியில், நன்றாகக் குடித்துவிட்ட பம்பாய் இளைஞர்கள் கூட்டமாக ஓர் ஆங்கிலேய உணவகத்துக்குச் செல்கின்றனர். பரிமாறும் வெள்ளைக்காரரின் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்துவிட்டு, இருப்பதிலேயே காரமும் சுவையும் அற்ற பண்டம் எதுவோ அதைக் கொண்டுவரச் சொல்கின்றனர்.